ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மவுஸ், ஓசூருக்கு இரண்டு வீண் பயணம்

மவுஸின் வேகத்தைக் குறைப்பதற்காக ஓசூருக்கு இரண்டு முறை பஸ் ஏறியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பஸ் கட்டணத்தைக்கூட விட்டுவிடலாம். ஆவணி முகூர்த்த நேரத்தில் இரண்டு நாள் கடையைப் பூட்டினேனே, அதுதான் இன்னும் எரிகிறது.

கிருஷ்ணகிரியில் சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மாங்காய் மண்டிகளுக்கு பில் புக், திறப்பு விழா நோட்டீஸ், இவைதான் வேலை. அப்பா அந்தக் காலத்தில் அச்சகத்தில் ஈய எழுத்து கோத்தவர். இப்போது எங்கள் கடையின் பிழை திருத்துநர். மேஜைக்கு இடப்பக்கம் அவர், வலப்பக்கம் நான், நடுவில் ஒரே கம்ப்யூட்டர். முன்பு அவர் திரையிலேயே விரலை வைத்து, "இங்கே, இல்லை, அதற்கு மேல் வரி" என்பார். திரை முழுக்க விரல் ரேகை. அதனால் ஒரே மாதிரி இரண்டு மவுஸ் வாங்கி, ஆளுக்கொன்றாக மாட்டினேன். மாட்டியவுடன் இரண்டும் வேலை செய்தன. அம்புக்குறி மட்டும் ஒன்றுதான். இருவரும் ஒரே நேரத்தில் நகர்த்தினால் அது பேய் பிடித்ததுபோல் ஆடும். "நான் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்த்துவது என்று பேசிக்கொண்டோம்.

சிக்கல் வேகத்தில் வந்தது. எனக்கு மணிக்கட்டை அசைத்தால் அம்புக்குறி திரையின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும். அப்பாவுக்குக் கை சற்று நடுங்கும். 'அருணாசலம்' என்ற பெயரில் ணகரம் இருக்க வேண்டிய இடத்தில் றன்னகரம் விழுந்திருந்தது. அந்த ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் கர்சரை நிறுத்த முயன்றார். முதல் முறை அம்புக்குறி மண்டப விலாசத்தில் போய் நின்றது. இரண்டாம் முறை 'சுற்றமும் நட்பும் சூழ'வில். மூன்றாம் முறை பட்டனை அழுத்தியபடியே கை நழுவ, மாப்பிள்ளையின் பெயர் இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பி பெண் வீட்டார் பெயர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் பார்த்தோம்.

அப்பாவுக்காக விண்டோஸ் அமைப்பில் வேகத்தைக் குறைத்தேன். என் மவுஸும் நத்தையானது. பிறகுதான் புரிந்தது: எத்தனை மவுஸ் மாட்டினாலும் விண்டோஸ் வைத்திருப்பது ஒரே ஒரு வேகம். விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தும் பார்த்தேன். 'மவுஸ் சென்சிட்டிவிட்டி' என்று ஒரே ஒரு பதிவு, அதில் 1 முதல் 20 வரை ஓர் எண். இன்னொரு மவுஸுக்கு அங்கே இடமே இல்லை. லேப்டாப்பின் டச்பேடுக்குத் தனி வேகம் கொடுக்கும் விண்டோஸ், இரண்டாவது மவுஸுக்கு மட்டும் கொடுப்பதில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வரும் பையன், "அப்பாவுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் போட்டுவிடுங்கள் அண்ணா" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. அந்த எண் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியாகத்தான் சேமிக்கப்படுகிறது. ஆனால் பத்திரிகை என் அக்கவுண்டில் திறந்திருக்கிறது. ஒரு புள்ளி திருத்துவதற்கு நான் சேமித்து மூடி, அவர் உள்ளே வந்து, மறுபடி திறந்து... மதியத்துக்குள் கைவிட்டோம்.

அதன் பிறகுதான் ஓசூர். "டிபிஐ பட்டன் உள்ள மவுஸ் வாங்குங்கள், வேகம் மவுஸுக்குள்ளேயே இருக்கும்" என்று ஒருவர் சொன்னார். யோசனை சரியானதுதான். கை ஓர் அங்குலம் நகர்ந்தால் மவுஸ் எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான் டிபிஐ. 1600 என்றால், விண்டோஸ் வேகம் நடுவில் இருக்கும்போது, ஓர் அங்குல அசைவுக்கு அம்புக்குறி திரையில் ஏறக்குறைய 1600 புள்ளி (பிக்சல்) ஓடும். 1920 புள்ளி அகலத் திரையில் அது முக்கால் தூரத்துக்கும் மேல். 800 என்றால் அதில் பாதி.

சூளகிரி வழியாக ஐம்பது கிலோமீட்டர் ஓசூருக்குப் போய், 650 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். அன்று மாலை அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் அம்புக்குறி மறுபடி பறக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்தவுடன் அந்த மவுஸ் எல்லாவற்றையும் மறந்து, அதிக வேகத்துக்கே திரும்பிவிடுகிறது. போதாதற்கு பட்டன் சக்கரத்துக்கு நேர் கீழே. பக்கத்தை உருட்டும்போதெல்லாம் அப்பாவின் விரல் அதில் பட்டு வேகம் மாறும். திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரித்துவிட்டீர்களே சார்" என்றார். பிரிக்காமல் எப்படி மாட்டுவது என்று கேட்டேன். "அப்பாவுக்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். விற்பனைப் பேச்சா, கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வாங்குகிறவர்கள் கடையிலேயே மாட்டி, வேகத்தை மாற்றி, பிடுங்கி, மறுபடி மாட்டிப் பாருங்கள். மாற்றிய வேகம் நிற்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வெறுத்துப்போய், பழைய ஜோடி மவுஸையே மறுபடி மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பாதி விடை கிடைத்தது. கண்ட்ரோல் பேனலில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெயரைப் பார்த்துத் துல்லியம் தரும் என்று நம்பி டிக் போட்டு வைத்திருந்தேன். உண்மையில் அது கை வேகமாக அசைந்தால் அம்புக்குறியை இன்னும் அதிக தூரம் தள்ளுகிறது. கை திடீரென்று வெட்டும் ஆளுக்கு அது எமன். டிக்கை எடுத்தவுடனே அப்பாவின் தடுமாற்றம் பெருமளவு குறைந்தது. எனக்கோ அது இல்லாமல் ஓடாது.

கடைசியில் காப்பாற்றியது 'ஈதர்மவுஸ்' (EitherMouse) என்ற குட்டி மென்பொருள். தேடும்போது பெரிய பச்சை டவுன்லோட் பட்டன் காட்டும் பக்கங்களிலிருந்து எடுக்காதீர்கள். நான் முதலில் அப்படி எடுத்து, எதையோ நிறுவி, அதை அகற்ற ஒரு மாலையைத் தொலைத்தேன். அதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். எந்த மவுஸ் அசைகிறது என்று கவனித்து, விண்டோஸின் அந்த ஒற்றை எண்ணை நொடியில் மாற்றுவதுதான் அதன் வேலை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையில், அப்பாவின் மவுஸை அசைத்து நான்காவது கோடு, என்னுடையதை அசைத்து ஏழாவது கோடு என்று வைத்தேன். டிக் எடுத்த நிலையில் நான்காவது கோடு என்பது நடுவேகத்தில் சரியாகப் பாதி. அந்த டிக்கையும் அவருக்கு எடுத்து, எனக்குப் போட்டுக்கொண்டேன். கை மாறும்போது முதல் சிறு அசைவு மட்டும் மற்றவர் வேகத்தில் வரும். அது பழகிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. அப்பா எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, இரண்டு மவுஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் அவரே மாட்டினார். என் கை நத்தையானது, அவருடையது பறந்தது. ஒரு மணி நேரம் மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். தவறு அதன்மீது இல்லை. ஒரே மாடல், உள்ளே வரிசை எண் கிடையாது. அப்படிப்பட்ட இரண்டை விண்டோஸ் எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. துளை மாறியதால் ஆளும் மாறிவிட்டார்.

ஆகவே இரண்டு மவுஸ் வாங்குகிறவர்கள் ஜோடியாக வாங்க வேண்டாம். வேறு வேறு மாடலாக இருக்கட்டும். இப்போது ஓசூர் மவுஸை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் அது அதிக வேகத்துக்குத் திரும்பினால் எனக்கு நல்லதுதான். அதன் கோட்டை மட்டும் ஏழிலிருந்து ஆறாகக் குறைத்தேன். அப்பாவின் துளை எதுவென்று மறக்காமலிருக்க, கேபினட்டின் பின்பக்கம் அதற்கு மேலே அவரே ஒரு குங்குமப் பொட்டு வைத்திருக்கிறார்.