ஒரு மாதப் பிள்ளைகள்

ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் கல்லூரிகளிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குக் கடிதங்கள் வரத் தொடங்கும். பெரும்பாலும் கோவை, பொள்ளாச்சிக் கல்லூரிகள்; சமூகப்பணியில் முதுகலை படிப்பவர்கள். பாலக்காட்டிலிருந்து பொருளாதாரமோ வணிகவியலோ படிக்கும் மலையாளிப் பிள்ளைகளும் ஒன்றிரண்டு பேர் வருகிறார்கள். 2024இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தபிறகு இன்டர்ன்ஷிப்புக்கும் கிரெடிட் உண்டு என்பதால் இனி இன்னும் கூடுவார்கள். நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்த் தாலுகா. ஒருமுறை ஒரு துறைத்தலைவர் "சித்தூர், ஆந்திரப் பிரதேசம்" என்று முகவரி போட்டிருந்தார். மின்னஞ்சல் என்பதால் எங்களிடமே வந்து சேர்ந்தது.

சிறிய தொண்டு நிறுவனம்தான். பென்ஷன் விண்ணப்பம், பெண்கள் குழுக்கள், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் என்று அன்றாட வேலை ஓடும். வருகிற மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பு பல வருடமாக என்னிடம். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்தப் பிள்ளையை ஊருக்கு யார், எந்த இடத்தில் வைத்து, என்ன சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள் என்பதிலேயே மீதி மாதம் முடிவாகிவிடுகிறது. அதைச் சரியாகச் செய்துவிட்டால் பாதிப் பயிற்சி தானே நடந்துவிடும். கோணலாகச் செய்தால் நாம் என்ன செய்தாலும் நிமிராது.

நான் வேலைக்கு வந்த காலத்தில் எல்லா இடத்திலும் ஒரே வழக்கம்தான். ஜீப்பில் கூட்டிப்போய் இறக்கி, "கோயமுத்தூர்ல இருந்து மேடம் வந்திருக்காங்க, கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க" என்பார்கள். முடிந்தது. அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் அந்த நிமிடத்திலேயே அதிகாரி ஆகிவிடுவாள். வீட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு வெளியே வரும். வெள்ளைக் கார்டை பிங்க் ஆக்கித் தர முடியுமா, பிங்க்கை மஞ்சள் ஆக்கித் தர முடியுமா என்று கேட்பார்கள். கேரளத்தில் மஞ்சள் என்றால் பரம ஏழை, பிங்க் என்றால் முன்னுரிமை, நீலமும் வெள்ளையும் அதற்கு மேல். அவளுக்கோ தமிழ்நாட்டுக் கார்டைத் தவிர எதுவும் தெரியாது. என்ன சொல்வாள்? "பாக்கறேங்க" என்பாள். அந்த ஒரு சொல்லை நம்பி நாலைந்து வீட்டில் ஒரு வருடம் காத்திருப்பார்கள்.

இப்போது எங்கள் ஆட்கள் அறிமுகம் செய்வதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அயல்கூட்டம் கூடும்போது போய் உட்காருவோம். கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கிய நாளிலிருந்து இங்கே பெண்கள் கூடும் இடம் அதுதான். பத்து இருபது பேர், சேமிப்புப் பணம், கடன் கணக்கு, நடுவில் ஊர்க்கதை. அந்தக் குழுவின் செக்ரட்டரி அக்காதான் பிள்ளையை அறிமுகப்படுத்துவார். என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்போம். அவர் அதைத் தன் பாணியில் சொல்வார்:

"இந்த அம்மிணி காலேஜ்ல படிக்குது. ஜூன் அஞ்சாந்தேதி கிளம்பிரும். இதனால வீடு வராது, பென்ஷன் வராது, பாத்துக்கங்க. எழுதப் படிக்கக் கூடமாட ஒத்தாசை பண்ணும். நம்ம சங்கதியக் கத்துக்கறதுக்கு வந்திருக்கு. தெரிஞ்சதச் சொல்லிக் குடுங்க."

முதல்முறை இதைக் கேட்கும் மாணவர்களுக்கு முகம் சுருங்கும். "என்னக்கா, எதுக்கும் ஆக மாட்டேன்னு சொல்லியே அறிமுகம் பண்றாங்களே" என்று ஒரு பொள்ளாச்சிப் பெண் என்னிடம் வருத்தப்பட்டாள். ஒரு வாரம் கழித்து அவளே வந்து, யாரும் தன்னிடம் எதுவும் கேட்பதில்லை, அதனால் நிறையப் பேசுகிறார்கள் என்றாள். அதுதான் விஷயம். வாங்கித் தரும் ஆள் என்று நினைத்தால் ஜனங்கள் கஷ்டத்தை மட்டும் சொல்வார்கள், அதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். கற்றுக்கொள்ள வந்தவள் என்றால் விவசாயம், வட்டி, மருமகள், பழைய காதல் எல்லாம் வரும். போகும் தேதியை முதலிலேயே சொல்லிவிடுவதும் அதற்குத்தான். சொல்லாமல் போனால் குழந்தைகள் ஏங்கிப் போகிறார்கள். பெரியவர்கள் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் கேள்விகள் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு, கல்யாணம் ஆச்சா, சாப்ட்டியா கண்ணு. இந்த வரிசையில் "ஊர்ல எந்தப் பக்கம் வீடு?" என்ற கேள்வி ஒன்று வரும். கேட்பவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், அது சாதியைத் துழாவுகிற கேள்வி. எல்லை தாண்டினால் கேரளம், அங்கே அதெல்லாம் இல்லை என்று நினைத்து வரும் பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். அதனால் முந்தின நாளே சொல்லிவிடுவேன்: இந்தக் கேள்வி வரும், பதில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள். முதலில் எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறாய் என்பதையும் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் என்பேன். தோப்பு வைத்திருக்கும் பெரிய வீட்டில் முதலில் காபி குடித்துவிட்டு அப்புறம் காலனிக்குப் போனால், அங்கே பாய் விரிப்பார்கள், பேச மாட்டார்கள். காலனியில் தொடங்கி மெதுவாக மேலே போனால் பெரிய வீட்டில் கொஞ்சம் முகம் கோணும், ஆனால் பேச்சு நிற்காது. பெரிய வீட்டுக்காரர்களுக்குப் பேசுவதற்கு வேறு இடங்களும் இருக்கின்றன.

கோவைப் பிள்ளைகளை இந்த இடத்துக்கு அறிமுகப்படுத்துவது தனி வேலை. உக்கடத்தில் பஸ் ஏறி வேலந்தாவளத்தில் எல்லை தாண்டும்போது ஜன்னல் வழியாக மலையும் மழையும் தேடுவார்கள். வெளியே பனைமரமும், கருப்பு மண்ணும், வெயிலும், தண்ணீர் லாரியும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கும் இடம் இது. மேகத்தைத் தடுக்க மலை இல்லாததால் தென்மேற்குப் பருவமழை மற்ற ஊர்களில் கொட்டுவதுபோல கிழக்குச் சித்தூரில் கொட்டாது. 1970இல் தமிழ்நாடும் கேரளமும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழை ஆற்றுக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் நெல். பொள்ளாச்சிப் பிள்ளைகள் இதே ஒப்பந்தத்தை மறுகரையிலிருந்து, "எங்க தண்ணி கேரளாவுக்குப் போகுது" என்றே கேட்டு வளர்ந்தவர்கள். இங்கே ஒரு விவசாயி அவர்களிடம் "உங்க ஊர்ல தொறந்து விடலைன்னா எங்களுக்கு நடவு இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது அவர்கள் படும் சங்கடம் நல்ல பாடம். நான் குறுக்கே போக மாட்டேன்.

நிர்வாகமும் வேறு. தமிழ்நாட்டில் மே 1, ஆகஸ்ட் 15 என்று தேதி குறித்து ஊராட்சி முழுக்க ஒரு கிராம சபை. இங்கே 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வி.ஏ.ஓ. எங்கே என்று கேட்பார்கள். இங்கே வில்லேஜ் ஆபீஸர். இ-சேவை மையம் கிடையாது, அக்ஷயா உண்டு. நூறு நாள் வேலை என்றாலும் புரியும், தொழிலுறப்பு என்பதுதான் வாயில் வரும். இதையெல்லாம் நான் வகுப்பெடுப்பதில்லை. அக்ஷயா வாசலில் ஒரு காலை உட்கார்ந்தால் போதும்.

உண்மையிலேயே அவர்கள் உதவக்கூடிய வேலை அங்கேதான் இருக்கிறது. நலப் பென்ஷன் வாங்குபவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்பதைக் கைரேகை வைத்து உறுதிப்படுத்த வேண்டும், மஸ்டரிங் என்பார்கள். காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்து போயிருக்கும், மெஷின் எடுக்காது. பஞ்சாயத்தில் வாழ்நாள் சான்று கொடுத்துச் சரி செய்யலாம். அது பல பேருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அறிவிப்பு மலையாளத்தில் இருக்கும். எங்கள் பகுதிக் கிழவிகள் பலர் தமிழ்ப் பள்ளியில் இரண்டு வகுப்புப் படித்தவர்கள், இல்லையென்றால் படிக்காதவர்கள். கூடவே பெயர்ச் சிக்கல். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பாட்டிக்கு ஆதாரில் அப்பா இனிஷியலோடு மாரியம்மாள், ரேஷன் கார்டில் மாரியம்மா, பாஸ்புக்கில் புருஷன் பெயரும் சேர்ந்து வேறொரு மாரியம்மாள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மூன்று அலுவலகம் ஏற வேண்டும்.

இங்கேதான் நான் ஜோடி சேர்ப்பேன்: தமிழ் எழுதத் தெரிந்த ஒரு கோவைப் பிள்ளை, மலையாளம் எழுதத் தெரிந்த ஒரு பாலக்காட்டுப் பிள்ளை. 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழர்கள் மாநில அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதிலும் பெறலாம். அதைச் சொன்னால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறந்து மனுவை எழுதித் தள்ளுவார்கள். கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்க வராமல் போகும் நாளில் மலையாளிப் பிள்ளையின் உதவி தேவைப்படும். ஒரு வருடம் வந்த மலையாளிப் பெண் தமிழைச் சினிமாவிலேயே கற்றவள். அயல்கூட்டத்தில் எழுந்து வசனம் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். குழு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வருடம் எல்லா வீட்டிலும் அவளைத்தான் தேடினார்கள்.

எல்லாரும் இதே சித்தூர்த் தாலுகாவில் இருக்கும் பிளாச்சிமடை போக வேண்டும் என்பார்கள். பாடத்தில் படித்திருப்பார்கள்: 2000இல் வந்த கோகோ கோலா ஆலை, கிணற்றுத் தண்ணீர் கெட்டது, 2002 ஏப்ரலில் தொடங்கிய போராட்டம், அதை முன்னின்று நடத்திய மயிலம்மா, 2004இல் ஆலை நின்றது. இழப்பீட்டுக்கான தீர்ப்பாய மசோதாவை 2011இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை என்பது பல பாடங்களில் இருக்காது. போய்ப் பார்க்கட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் கேள்வித்தாளோடு போகக் கூடாது. அந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ ஆய்வாளர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் பதில் சொல்லிச் சலித்தவர்கள். அவர்கள் சொன்னதைவைத்துப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு மாதம் தங்குகிற பிள்ளை அங்கே போய்ப் புதிதாக ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வித்தாளைப் பற்றிச் சொன்னதும் கல்லூரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத் தினமும் படம் வேண்டும், அதுவும் இடமும் நேரமும் பதிந்த படம். குழந்தைகளோடு, குழுவோடு, பாட்டியோடு. நாங்கள் குழந்தைகள் முகம் தெரியும் படம் எடுக்க விடுவதில்லை. பெரியவர்களிடம் கேட்டு, எங்கே போகும் என்று சொல்லி எடுக்கலாம். ஒரு துறையிலிருந்து போன் செய்து, "படம் இல்லாம மார்க் எப்படிங்க போடறது?" என்றார்கள். அலுவலகப் பலகைக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்து அனுப்பினோம். பஸ் செலவை மாணவர்களே போடுகிறார்கள், அது எந்த ரிப்போர்ட்டிலும் வருவதில்லை. வசதி இல்லாத பிள்ளைக்கு மதியச் சாப்பாடு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்கு மேல் எங்களாலும் முடிவதில்லை. கேரளத்தில் வெயில் காலத்தில் வெளிவேலை செய்பவர்களுக்கு மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு என்று தொழிலாளர் துறை உத்தரவு போடும். அந்த நேரத்தை மாணவர்களுக்கும் கொடுத்துவிடுவேன். சாப்பிட்டு, ஃபேனுக்கு அடியில் படுத்து, டைரி எழுதலாம். நல்ல டைரிகள் அந்த மூன்று மணி நேரத்தில் எழுதியவைதான்.

கடைசி நாளில் சான்றிதழ். கல்லூரியே மாதிரி அனுப்பிவிடும்: "சிறப்பாகவும் அர்ப்பணிப்புடனும் பணியாற்றினார், எதிர்காலம் ஒளிமயமாக அமைய வாழ்த்துகிறோம்." எனக்கு அது எழுத வருவதில்லை. "வடகரப்பதிப் பகுதியில் வயதானவர்களை மஸ்டரிங்குக்கு அழைத்துச் சென்றார், தமிழில் மனுக்கள் எழுதித் தந்தார், அயல்கூட்டக் கணக்கு எழுத உதவினார், மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றார்" என்று ஒரு பையனுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு கல்லூரி அதைத் திருப்பி அனுப்பியது, மாதிரிப்படி இல்லையாம். சரி என்று முதல் பத்தியில் அவர்கள் கேட்டதையும், இரண்டாம் பத்தியில் நான் எழுதியதையும் வைத்து அனுப்பினேன். வேலைக்கான இன்டர்வியூவில் இரண்டாம் பத்தியைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று அந்தப் பையன் பிறகு போனில் சொன்னான். மலையாளத்தில் எதையோ கொடுத்து வாசிக்கச் சொன்னார்களாம். வாசித்தானா என்று கேட்டேன். "பாதி வாசிச்சேங்க்கா" என்றான்.