ரவுண்ட் என்ன சொல்?

சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முகம் வாடி வந்தாள். பரீட்சையில் 'ரவுண்ட்' என்று ஒற்றைச் சொல்லைக் கொடுத்து, அது என்ன வகைச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். பெயர்ச்சொல் என்று எழுதியிருக்கிறாள். விடைத்தாளில் பெயரடை என்று திருத்தி, அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

"கபடியில ஃபர்ஸ்ட் ரவுண்ட், செகண்ட் ரவுண்டுன்னுதானே சொல்றோம், மிஸ்?" என்றாள்.

அவள் கேட்டது சரிதான். எனக்கு அன்று இரவெல்லாம் மனது ஆறவில்லை. வாக்கியமே இல்லாமல் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே கூடாது.

மறுநாள் பலகையில் எழுதிப் போட்டேன். ரவுண்ட் டேபிள் என்றால் பெயரடை. ஃபர்ஸ்ட் ரவுண்ட் என்றால் பெயர். 'த பஸ் ரவுண்டட் த கார்னர்' என்றால் வினை. 'டர்ன் ரவுண்ட்' வினையடை. 'வாக் ரவுண்ட் த டேங்க்' என்று குளத்தைச் சுற்றச் சொன்னால் முன்னிடைச்சொல், அதாவது ப்ரெபொசிஷன். ஒரே சொல், ஐந்து வேலை. எந்த வேலை என்பதை அது நிற்கும் இடம்தான் சொல்லும்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முடிவு என்ற பெயர் 'எண்டெ', முடிப்பது என்ற வினை 'எண்டியன்'. நாளடைவில் சொல்லின் கடைசியில் ஒட்டும் இந்த ஈறுகள் தேய்ந்து உதிர, இரண்டுமே 'எண்ட்' என்று நின்றுவிட்டன. ஈறு செய்த வேலையைச் சொல்லின் வரிசை எடுத்துக்கொண்டது. நமக்கு ஈறு இன்னும் இருக்கிறது. 'கண்ணனை ராமன் பார்த்தான்' என்று மாற்றிப் போட்டாலும் பார்த்தவன் ராமன்தான்.

ஆனால் ஒரே சொல் இரண்டு வேலை செய்வது தமிழிலும் கொஞ்சம் உண்டு. 'பந்தை அடி' என்பதில் அடி வினை; 'நல்ல அடி விழுந்தது' என்பதில் பெயர். முதனிலைத் தொழிற்பெயர் என்று படித்திருப்போமே, அதுதான். சுடு சூடு ஆவதும் கெடு கேடு ஆவதும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஆங்கிலத்திலும் 'ரெக்கார்ட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் பெயர், இரண்டாவதை அழுத்தினால் வினை. நாம் குறிலை நெடிலாக்குகிறோம், அவர்கள் அழுத்தத்தை இடம் மாற்றுகிறார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகள் சுடு, சூடு என்று திண்ணை அதிரக் கத்திப் பார்த்தார்கள்.

அப்புறம் அந்தப் பெண் தானாகவே 'டவுன்' என்ற சொல்லை எடுத்து நோட்டில் எழுதி வந்தாள். 'சிட் டவுன்', 'டவுன் த ஸ்ட்ரீட்', 'த சர்வர் இஸ் டவுன்'. வினை மட்டும் கிடைக்கவில்லையாம். 'ஹி டவுன்ட் ஹிஸ் காபி', ஒரே மடக்கில் குடித்துவிட்டான் என்று சொல்லிக் கொடுத்தேன். பறவைக் குஞ்சின் மென்மயிருக்கும் டவுன் என்று அகராதியில் போட்டிருக்கிறதே என்றாள். அது வேறு வேரிலிருந்து வந்த சொல், இந்தக் கணக்கில் சேராது என்றேன்.

நாளைக்கு விடைத்தாளோடு அந்த நோட்டையும் பள்ளிக்கு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.