சொந்த ஊர் ஆட்களுக்கு மிஸ்ஸியாக இருப்பது

இலங்கை மலைநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ் தெரிந்த தாதியரைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பார்கள். சரிதான். மிச்சப் பாதி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அந்தத் தோட்டத்து ஆட்கள் வந்து படுக்கிற வார்ட்டிலேயே மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்கிறவள் நான்.

சர்வதேச தாதியர் பேரவையின் ஒழுக்கக் கோவை 1953இல் வந்தது. கடைசியாக 2021இல் திருத்தினார்கள். நோயாளியின் இரகசியம் காக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எழுதியவர்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், குடியிருந்திருக்க மாட்டார்கள். இங்கே ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கொத்தமல்லி கொதிக்கும்.

பார்வையாளர் நேரத்தில் கேட் திறந்ததும் கேள்வி வரும்: "ஏன் புள்ள, மேல் லயத்துப் பொண்ணுக்கு என்னா வருத்தம்? டிக்கெட்டப் பாத்துச் சொல்லேன்." டிக்கெட் என்றால் நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு. அவள் கல்யாணமாகாதவள், வயிற்றுவலி என்று வந்தவள். மற்றவர்களுக்கெல்லாம் "காய்ச்சல்தான் மாமி" என்று சொல்லிவிட்டு இவளுக்கு மட்டும் வாயை மூடினால், அந்த மௌனமே பதிலாகிவிடும். அதனால் கால் சுளுக்கி வந்தவரைப் பற்றிக்கூட யாரிடமும் சொல்வதில்லை. "அவங்ககிட்டயே கேளுங்க மாமி," அவ்வளவுதான். படித்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவிடம் முறையிட்டார்களாம். இருக்கட்டும்.

1987இல் தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் எங்கள் வார்ட்டில் ரவுண்ட்ஸ் பெரும்பாலும் சிங்களத்தில்தான். "கடைசி மாதவிடாய் எப்போது?" என்று டொக்டர் கேட்பது பக்கத்துக் கட்டிலுக்குப் புரியாது. நான் தமிழில் கேட்டதும் வார்ட்டே காது கொடுக்கும். கட்டிலைச் சுற்றிய திரை ஆளை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. குனிந்து காதோடு கேட்பேன். டொக்டர் அவசரப்பட்டால் "ஒரு நிமிஷம் சேர்" என்பேன்.

சம்மதப் படிவம் இன்னொரு தொல்லை. கர்ப்பப்பை எடுக்க வேண்டியிருந்த ஓர் அம்மாயி, நான் வாய் திறக்கும் முன்பே பெருவிரலை நீட்டிவிட்டார். "நீ சொன்னா சரிதான் புள்ள." அந்த நம்பிக்கை எனக்குப் பெருமைதான், ஆனால் அது சம்மதமில்லை. மைப்பெட்டியை ஒதுக்கி வைத்து, விளங்கப்படுத்தி, "இப்ப நீங்க சொல்லுங்க, என்னா செய்யப் போறாங்க?" என்று கேட்டேன். தட்டுத்தடுமாறிச் சொன்னார். பிறகு அவரே கேட்டார்: "எப்ப மலைக்குப் போகலாம்?" கொழுந்து எடுக்கிற வேலைக்கு என்று அர்த்தம்.

படிவத்தில் அதற்கு இடமே இல்லை. டொக்டரைத் திரும்பக் கூப்பிட்டேன். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்றார். கொழுந்துக்கூடையும் பாரம்தானே. "அப்ப மகனக் கேட்டுத்தான் சொல்லணும்," என்று கையை இழுத்துக்கொண்டார் அம்மாயி. அன்றைக்குக் கைநாட்டு வாங்கவில்லை. டொக்டருக்குக் கொஞ்சம் கோபம்தான்.