கருமுட்டை கொடுத்தவரை நான் பார்த்ததில்லை

எனக்கு 39 வயதானபோது டாக்டர் சொன்னார், சொந்தக் கருமுட்டையில் வாய்ப்பு மிகக் குறைவு, தானமாகப் பெறலாம் என்று. கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிய பேருந்து கோத்தகிரி மலையேறி முடிக்கும்வரை நானும் கணவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி என்று சொல்ல எட்டு மாதம் ஆனது. அத்தைக்கு ஒரே கவலை: "கொடுக்கிறவ எந்த ஆளுங்க?" ஆனால் பதிவு பெற்ற கருமுட்டை வங்கி மூலமாகத்தான் தானம் பெற முடியும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்படி. கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், அதிலும் 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. எங்களுக்குக் காட்டிய தாளில் உயரம், இரத்த வகை, படிப்பு, "நிறம்: மாநிறம்". அவ்வளவுதான்.

நடுவில் ஒரு தரகர் போன் செய்தார். "உங்க ஆளுங்கள்லயே பொண்ணு இருக்கு, கொஞ்சம் கூட ஆகும்." உடனே வைத்துவிட்டேன். 2022இல் ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணிடம் கருமுட்டை எடுத்து விற்ற செய்தி மனதில் அப்படியே இருந்தது. பத்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்து வாங்கி, வலியைப் பொறுத்துக்கொண்டு ஒருத்தி இதைக் கொடுக்கிறாள். அவளாக விரும்பிக் கொடுத்தாளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மருத்துவமனை ஆலோசகரிடம் இதை மூன்று முறை கேட்டேன். கொடுப்பவருக்கு 12 மாதக் காப்பீடு நாங்கள்தான் எடுத்துத் தர வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. மொத்தச் செலவில் மனநிறைவோடு கட்டியது அந்தப் பணம் ஒன்றைத்தான். பெயரை மறைத்துவிட்டு பாலிசியைக் காட்டினார்கள்.

அப்புறம் என் முறை. கரு வைத்த பிறகும், அது தங்க உதவும் புரோஜெஸ்டிரோன் ஊசி தினமும். எண்ணெய் மருந்து, மார்கழிப் பனியில் கெட்டியாகிவிடும். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். சூடேறிய பிறகுதான் ஊசியை எடுப்பார். முதல் முறை நிற்கவில்லை. இரண்டாவது முறைதான் மகள் தங்கினாள்.

சட்டப்படி அவள் எங்கள் குழந்தை. கொடுத்தவருக்கு உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. ஆனால் நாளைக்கு இவள் "அவங்க யாரு?" என்று கேட்டால் அந்த ஒற்றைத் தாளைத் தவிர என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. கொடுத்தவரின் அடையாளத்தைக் காக்க வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். பிறக்கும் பிள்ளையின் கேள்விக்கும் அதில் ஓர் இடம் வைத்திருக்கலாம்.

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அது அவள் கதை, சொல்வதும் விடுவதும் அவள் விருப்பம். அவளிடம் மட்டும் இப்போதிருந்தே சொல்லி வருகிறேன், குளிப்பாட்டும்போது: "ஒரு அக்கா குட்டி முட்டை கொடுத்தாங்க, அம்மா வயித்துல வச்சுக்கிட்டேன்." அத்தைக்கு இன்னும் இது பிடிக்கவில்லை. துண்டோடு கதவருகில் நிற்பார், நான் சொல்லி முடிக்கும்வரை உள்ளே வரமாட்டார்.