137 பியானோக்கள்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பியானோ மாஸ்டர் காலமான செய்தி வந்ததும், பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, மாஸ்டரைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும்" என்றார். எழுத உட்கார்ந்தால், லண்டன் விக்மோர் வீதியில் உள்ள ஒரு பழைய பியானோக் கடைக் கட்டடம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அதைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் மாஸ்டர்தான்.

பிரேயர் ஹோல் பியானோவின் மூடியில் பொன்னெழுத்தில் பெக்ஸ்டைன், பெர்லின் என்று இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கரோல் ஒத்திகை ஒன்றில் மாஸ்டர் பாட்டைப் பாதியில் நிறுத்தி, எல்லாருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டார். "நீ பாடாதை. இதிலை வந்து நின்று கேள்." அந்தத் தவணை முழுவதும் பியானோவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். முதலில் அவமானம் தாங்க முடியவில்லை. பிறகு கேட்கத் தொடங்கியது: கட்டையை விட்ட பின்னும் தந்தி அதிர்வது, ஒலி பின்சுவர் வரை போய்த் திரும்புவது. இசை கேட்கும் காது எனக்கு அங்கேதான் கிடைத்தது.

"இந்தப் பியானோக் கொம்பனி லண்டனிலை தன்ரை கடையோடை ஒரு மண்டபமும் கட்டினது. போனால் பார்" என்று ஒருநாள் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். அவருக்கு அது வாய்க்கவே இல்லை.

சவோய் ஹோட்டலைக் கட்டிய தொமஸ் கொல்கட்தான் இதற்கும் கட்டடக்கலைஞர். 1901 மே 31ஆம் திகதி பெக்ஸ்டைன் மண்டபமாகத் திறந்தார்கள். அன்று புசோனி பியானோவும் இசாயி வயலினும் வாசித்தார்கள். கடையில் விற்கும் பியானோ எப்படி ஒலிக்கும் என்று ஊருக்குக் கேட்கவைப்பதற்காகக் கட்டிய மண்டபம் இது. அதனால்தான் வீதியில் இருந்து பார்த்தால் மண்டபமே தெரியாது. ஒடுங்கிய நடைவழியால் உள்ளே போகவேண்டும். உள்ளே சுமார் 550 இருக்கைகள், நீள்சதுர அறை, மேலே வளைந்த கூரை, சலவைக்கல் பதித்த சுவர்கள். மேடைக்கு மேல் அரைக்குவிமாடத்தில் ஜெரல்ட் மொய்ரா வடிவமைத்த ஓவியம்: இசையின் ஆன்மா ஓர் ஒளிப்பிழம்பை அண்ணாந்து பார்க்கிறது. நான் கடைசி வரிசையில்தான் இருப்பேன். மெல்லத் தொட்ட சுரமும் அங்கே முழுசாக வந்து சேரும். கட்டடத்தின் அருமை அங்கேதான் தெரியும் என்பது என் எண்ணம்.

முதல் உலகப்போர் வந்ததும் ஜேர்மன் கடை எதிரியின் சொத்தாகிவிட்டது. 1916இல் மண்டபம், பயிற்சி அறைகள், களஞ்சியம், 137 பியானோக்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஏலத்தில் விற்றார்கள். டெபன்ஹாம்ஸ் என்ற பெருங்கடை நிறுவனம் 56,500 பவுணுக்கு வாங்கியது. அடுத்த வருடம் விக்மோர் மண்டபம் என்ற பெயரில் திரும்பத் திறந்தார்கள். பெயர் போனாலும் கட்டடம் தப்பியது, கச்சேரிகளும் தொடர்ந்தன.

அந்த 137 என்ற எண்ணை வாசிக்கும்போதெல்லாம் மனம் எங்கள் ஹோலுக்குப் போய்விடும். எதிரியின் கடையென்று பறித்தவர்கள்கூட ஒவ்வொரு பியானோவையும் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுடையது ஒன்றே ஒன்று. போரில் யாழ்ப்பாணமே வெளியேறிய 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அது ஹோலில் இல்லை என்று மாஸ்டர் கடிதத்தில் எழுதியிருந்தார். நான் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்துவிட்டேன். எங்கள் வகுப்பில் பாதிப்பேரும் அப்படித்தான். அதைத் தூக்கி ஒரு வீட்டில் பத்திரப்படுத்த நான்கு பேர் போதும். அந்த நான்கு பேராக நாங்கள் அங்கே இல்லை. மாஸ்டர் கடைசிவரை ஊரிலேயே இருந்து, ஒரு சின்ன ஹார்மோனியத்தை வைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்.

ஹோலில் இருந்து பியானோவை யார் எடுத்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரிந்தவர்கள் இந்த மலரை வாசித்தால், தயவுசெய்து சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். இடதுபக்கக் கடைசிக் கட்டையின் வெள்ளை மூலையில் உடைந்திருக்கும்.