பன்னிரண்டு மணி நேரத்தைத் தேடிய சனிக்கிழமை

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி ஷிப்ட், அதற்கு மேல் ரெண்டு மணி நேரம் ஓ.டி. அதையும் முடித்துவிட்டு ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் தூங்கி வழிந்துகொண்டிருந்த நேரத்தில் ஒவ்வொரு போனாக அடிக்க ஆரம்பித்தது. எல்லாவற்றிலும் ஒரே செய்தி: பன்னிரண்டு மணி நேர வேலை, சட்டசபையில் மசோதா நிறைவேறிவிட்டது.

"இனிமே ஆறுக்கு ஆறா அக்கா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு பெண் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். எனக்குப் பதில் தெரியவில்லை. சங்கத்தில் கமிட்டி உறுப்பினர் என்று பெயர், ஆனால் அன்றுவரை ஒரு மசோதாவையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் வேலை காருக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்தாகக் கட்டுவது. போர்டு நகர்ந்துகொண்டே இருக்கும், நாம் நின்றுகொண்டே கட்ட வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்க வேண்டும், அவள் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான். எட்டு மணி நேரத்திலேயே கெண்டைக்கால் கல்லாகிவிடும். பன்னிரண்டு என்ற சொல் அந்த பஸ்ஸில் எப்படி இறங்கியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ரம்ஜான், விடுமுறை. சங்கத்து அண்ணன் ஒருவர் காலையிலேயே போன் செய்தார். "நியூஸைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காத. மசோதாவை அனுப்பியிருக்கேன், படி. திங்கட்கிழமை லைன்ல கேப்பாங்க, நாமதான் சொல்லணும்."

வந்தது ஒரு பி.டி.எஃப். '2023 ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்தச்) சட்டமுன்வடிவு'. நாம் மசோதா என்பதை அரசுத் தமிழில் சட்டமுன்வடிவு என்பார்கள். இதற்குத்தானா இவ்வளவு சத்தம் என்று நினைக்கும் அளவுக்குச் சின்னது. புதிதாகச் சேர்ப்பது ஒரே ஒரு பிரிவு, 65-அ. அதை மூன்று முறை படித்தேன். பன்னிரண்டு மணி நேரம் என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. தவறான தாளை அனுப்பிவிட்டாரோ என்று அவருக்கே திரும்பக் கூப்பிட்டேன்.

"அதுல இருக்காது. அதுல நம்பர் மட்டும்தான் இருக்கும். நம்பரைப் பிடி," என்றார்.

அந்தப் பிரிவின் சாரம் இதுதான். எந்தத் தொழிற்சாலைக்கும், அல்லது எந்த வகைத் தொழிற்சாலைக்கும், 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளில் எதிலிருந்தும் எல்லாவற்றிலிருந்தும் மாநில அரசு ஓர் அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம். என்னென்ன நிபந்தனைகள் என்பதை அந்த அறிவிக்கை சொல்லும். அவ்வளவுதான். அந்த ஆறு எண்களுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் படித்தால் ஒன்றுமே புரியாது. இதனால் நமக்கு ஒன்றும் நேராது என்றே தோன்றும்.

மதியம் அண்ணன் வீட்டுக்குப் போய் 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டப் புத்தகத்தை வாங்கி வந்தேன். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் பேனாக் கிறுக்கல். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் எண், வலது பக்கம் அந்தப் பிரிவு நமக்கு இப்போது என்ன தருகிறது என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

51: வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 52: வார விடுமுறை. 54: ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் உச்சம். 55: தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் நிற்க வைக்கக் கூடாது, அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். 56: இடைவேளையெல்லாம் சேர்த்து ஆள் உள்ளே இருப்பது பத்தரை மணி நேரத்துக்குள். 59: கூடுதலாகப் பார்க்கும் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

55ஐ எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. எங்கள் லைனில் அந்த அரை மணி நேரத்துக்குப் பெயர் சாப்பாட்டு பிரேக். சூப்பர்வைசரின் நல்ல மனசால் கிடைப்பது மாதிரி அதற்கு இத்தனை வருஷம் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்கிடையில் டி.வி.யில் அமைச்சர்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் பார்த்தால் மூன்று நாள் லீவு, விருப்பப்பட்டவர்களுக்குத்தான், தொழிலாளர் சம்மதம் வேண்டும் என்றார்கள். என் கையில் இருந்த தாளில் விலக்குப் பட்டியலின் முதல் எண்ணே 51. 48 மணி நேர வரம்பைக் காப்பாற்றுவதே அந்தப் பிரிவுதான். அது மாறாது என்றால் அதைப் பட்டியலில் ஏன் வைக்க வேண்டும்? நாளைக்கு வரப்போகும் அறிவிக்கையில் நிபந்தனையாக எழுதுவோம் என்று பதில் வரலாம். சட்டத்தைத் திருத்தச் சட்டசபை கூட வேண்டும். அறிவிக்கையை மாற்ற அதுவும் வேண்டாம். எனக்கு உறுத்தியது அதுதான், இன்றைக்கும் அதே கருத்துதான்.

அப்புறம் சம்பளக் கணக்கு. நான்கு நாள் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒன்பதுக்கு மேல் மூன்று மணி நேரம் ஓ.டி. நான்கு நாளில் பன்னிரண்டு மணி நேர ஓ.டி. 59 இருக்கும்வரை அந்தப் பன்னிரண்டுக்கு இருபத்து நான்கு மணி நேரச் சம்பளம் தர வேண்டும். மீதி முப்பத்தாறையும் சேர்த்தால் அறுபது. 59க்கு விலக்கு கொடுத்துவிட்டால் அதே 48 மணி நேர உழைப்புக்கு 48 மணி நேரச் சம்பளம்தான். இதை எழுதிவிட்டு என் கணவரிடம் காட்டினேன். அவர் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்க்கிறார், எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்காத இடம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு இதுல எந்த நம்பரும் இல்லையே," என்று சிரித்தார்.

பெண்களுக்கு நைட் ஷிப்ட்டும் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றியது. அது 66ஆம் பிரிவின் விஷயம், பட்டியலில் 66 இல்லை. இதையும் குழுவில் எழுதிப் போட்டேன். நம் பக்கத்துக்குச் சாதகமான பொய்யைத் திருத்தினால் பாராட்டு எதுவும் கிடைக்காது, ரெண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மனு எழுதினோம். முதலில் நான் எழுதியது மூன்று பக்கம், பூராவும் கண்ணீர். அண்ணன் அதை வாங்கி ஒரு பக்கமாக வெட்டினார். எந்தப் பிரிவு, அது போனால் என்ன போகும், நாங்கள் கேட்பது என்ன, அவ்வளவு போதும் என்றார். கெண்டைக்காலைப் பற்றிய வரி ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். விட்டுவைத்தார். லைனில் இருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கினோம். கான்ட்ராக்ட்டில் இருந்த பெண்கள் கையெழுத்துப் போடவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை மதிய ஷிப்ட் என்பதால் காலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். அவர் இல்லை, உதவியாளர் இருந்தார். மனுவைப் பார்த்துவிட்டு, "அதான் பாஸ் ஆயிடுச்சேம்மா, இனிமே மனு எதுக்கு?" என்றார். குரலில் கேலி இல்லை, நிஜமாகவே சந்தேகம். எங்களுக்கும் அதே சந்தேகம்தான். வெளியே வந்து சங்கத்துக்கு வழக்கமாக ஆலோசனை சொல்லும் வக்கீலுக்குப் போன் போட்டோம்.

அவர் சொன்னது அதுவரை எனக்குத் தெரியாதது. சட்டசபையில் நிறைவேறினால் அது இன்னும் மசோதாதான், சட்டம் ஆகவில்லை. ஆளுநரிடம் போக வேண்டும். இது மத்தியச் சட்டத்தில் மாநிலம் செய்யும் திருத்தம், தொழிலாளர் விஷயம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தோடு முரண்படுவதால் அரசமைப்புச் சட்டத்தின் 254ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வேண்டும். "ஜல்லிக்கட்டுக்கும் இதே வழிதான். 2017 ஜனவரி 23-ல சட்டசபை, 31-ல குடியரசுத் தலைவர் ஒப்புதல். நீட் மசோதாவைப் பாருங்க, 2021 செப்டம்பர்ல ஒரு தடவை, 2022 பிப்ரவரில மறுபடி ஒரு தடவை நிறைவேத்தியாச்சு, இன்னும் வரல. அதனால இதுக்கு எத்தனை நாள்னு யாராலும் சொல்ல முடியாது. மனுவை அனுப்புங்க," என்றார்.

முதலமைச்சருக்கு ஒன்று, தொழிலாளர் நலத் துறை அமைச்சருக்கு ஒன்று என்று பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு போட்டுவிட்டு ஷிப்ட்டுக்கு ஓடினேன்.

போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிப்ட் முடிந்து இரவில் லாக்கரைத் திறந்தால் திரை முழுக்கச் செய்தி. அன்று தலைமைச் செயலகத்தில் அமைச்சர்கள் தொழிற்சங்கங்களோடு பேசியிருக்கிறார்கள், ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான தொ.மு.ச. உட்பட எல்லோரும் எதிர்த்திருக்கிறார்கள், மசோதாவை நிறுத்தி வைப்பதாக முதலமைச்சர் அறிவித்துவிட்டார். பஸ்ஸில் ஒரே கூச்சல். பின் சீட்டுப் பெண், "அக்கா, உங்க லெட்டர் போயிடுச்சு போல," என்றாள். எங்கள் தபால் பூந்தமல்லியைக்கூடத் தாண்டியிருக்காது. ஒப்புகை அட்டைகள் அந்த வாரக் கடைசியில்தான் வந்தன, எல்லாம் முடிந்த பிறகு. ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

நிறுத்தி வைப்பு என்றால் என்ன என்பதில் ஒரு வாரம் குழப்பம். எடுத்துவிட்டார்களா, எடுத்து வைத்திருக்கிறார்களா? மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சரே சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதல் மே தினம் கொண்டாடியது 1923 மே 1. சரியாக நூறு வருஷம் கழித்து இந்த அறிவிப்பு. யார் பார்த்துத் தேதி வைத்தார்களோ.

எனக்கு அப்போதும் ஒன்று உறுத்தியது. அந்த மசோதா பேரவையில் அறிமுகமானது ஏப்ரல் 12. அறிமுகமானால் அரசிதழில் நான்காம் பகுதி, முதல் பிரிவில் வந்துவிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கூட்டத்தொடரின் கடைசி நாளான 21 அன்று, இடதுசாரிகளும் விசிகவும் போன்ற கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்ய, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நடுவில் ஒன்பது நாள். அதில் சித்திரை ஒன்றும் வந்தது, நாங்கள் மாங்காய்ப் பச்சடி செய்து சாப்பிட்டோம். கமிட்டியில் ஒருவர்கூட அந்தத் தாளைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து கூட்டத்தொடர் நடக்கும்போது வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னென்ன மசோதா அறிமுகமாகியிருக்கிறது என்று பார்க்கிறேன். தலைப்பைப் பார்ப்பேன், எந்த மூலச் சட்டத்தைத் தொடுகிறது என்று பார்ப்பேன், அப்புறம் கடைசிப் பக்கத்தில் நோக்கக் காரண விளக்கத்தைப் படிப்பேன். அதில் எல்லா மசோதாவும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், ஆனாலும் யார் கேட்டு இது வந்தது என்பது சில சமயம் அங்கேதான் தெரியும். முக்கால்வாசி நமக்குச் சம்பந்தமில்லாதவை. என் காலண்டர் தாளும் இப்போது பழையதாகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்து 1948ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எண்களை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.

போன மாதம் லைனில் பரந்தூர் பக்கத்துப் பெண் ஒருத்தி பேச்சுவாக்கில் ஒன்று கேட்டாள். அதே 2023 ஏப்ரல் 21 அன்று, எங்கள் மசோதா நிறைவேறிய அதே நாளில், நில ஒருங்கிணைப்பு மசோதா என்று இன்னொன்றும் விவாதம் இல்லாமல் நிறைவேறியது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக, நீர்நிலைகள் உள்ள நிலத்தையும் ஒருங்கிணைக்க வழி செய்வது. அது அந்த வருஷமே சட்டமாகி, 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

"நீங்கதான் அன்னிக்கு எல்லாத்தையும் படிச்சீங்களாமே, அதைப் பாக்கலியா அக்கா?" என்றாள்.

பார்க்கவில்லை என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேருமாக உட்கார்ந்து படிப்பதற்கு.