அரை மாத்திரையில் தொடங்கும் ஆங்கில வாசிப்பு

ஆங்கில எழுத்துகள் 26-இன் பெயர்களையும் தடங்கலின்றி ஒப்பிக்கும் குழந்தை, மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக் காட்டியதும் திகைத்து நிற்பதைச் சென்னையில் எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். எழுத்தின் பெயர் வேறு, அது தரும் ஒலி வேறு. அந்த 26 எழுத்துகள் தம்முள் சேர்ந்து ஏறத்தாழ 44 ஒலிகளைத் தருகின்றன. அதனால்தான் இங்குள்ள பள்ளிகள் பல, ஒலியை முதலில் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் முறைக்கு மாறியிருக்கின்றன. நங்கநல்லூரில் எங்களோடு இருக்கும் என் பேத்தி முதலாம் வகுப்புப் படிக்கிறாள். மகனும் மருமகளும் வேலை முடிந்து வீடு திரும்ப இருட்டிவிடும் என்பதால், மாலையில் அவளை வாசிக்கப் பழக்குவது என் பொறுப்பு. தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைக்கு இதில் பெரிய தடையாக இருப்பது எழுத்து அன்று; மெய்யொலியின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் உகரம்தான் என்பதை நாள்தோறும் காண்கிறேன்.

தமிழ்ச் சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்பதில்லை. சொல்லின் முதலில் எந்த மெய்யும் தனித்து வருவதில்லை. இலக்கணம் படிக்காத குழந்தையின் நாவுக்கும் இவ்விரண்டு விதிகளும் தெரியும். ஆகவே 'கப்' என்பது 'கப்பு' ஆகிறது, 'பஸ்' என்பது 'பஸ்ஸு' ஆகிறது, 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. பேச்சில் இதை நான் திருத்துவதே இல்லை. அது நம் மொழியின் இயல்பு. ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது ஒவ்வொரு மெய்யோடும் ஓர் உகரம் சேர்ந்துவிட்டால், 'டு-இ-னு' என்று எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் 'டின்' என்ற சொல் பிறக்காது. குழந்தைக்கு மூளை போதாது, கவனம் போதாது என்று பெற்றோர் கவலைப்படும் இடங்களில், பெரும்பாலும் இந்த ஒட்டுயிரை நீக்கினாலே வழி திறந்துவிடுகிறது.

இதற்கான கருவி நம்மிடமே இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளியில் படித்த கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் ஒரு மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் சொல்கிறது. பேத்திக்கு இன்னும் விரல் சொடுக்க வரவில்லை என்பதால், உயிரொலி வரும்போது மட்டும் கை தட்டச் சொன்னேன். மெய்க்குக் கை அசையக் கூடாது. சிலேட்டில் 'டின்' என்ற சொல்லின் மூன்று எழுத்துகளையும் இடைவெளி விட்டு எழுதினேன். முதல் எழுத்துக்கே "டு" என்று சொல்லிக் கை தட்டினாள். "உ வேண்டாம் கண்ணு, நாக்கு மேலே தட்டினதும் நிறுத்திடு" என்றேன். இரண்டாம் முறை காற்று மட்டும் வெடித்தது போல 'ட்' வந்தது. பிறகு விரலை எழுத்துகளுக்குக் கீழே மெதுவாக ஒருமுறையும் சற்று வேகமாக ஒருமுறையும் இழுத்துக்கொண்டு போனாள். 'ட்... இ... ன்' என்றவள் சட்டென்று நிமிர்ந்து, "டின்! தாத்தா, பவுடர் டின்!" என்றாள்.

கூட்டிப் படிக்கப் பழகும்போது எந்த ஒலியில் தொடங்கும் சொல்லை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 'ஸ்', 'ம்', 'ன்', 'ல்' ஆகியவற்றை மூச்சு உள்ளவரை நீட்டலாம். அப்படி நீட்டிக்கொண்டே அடுத்த உயிருக்குள் வழுக்கி நுழைந்துவிடலாம். 'ப்', 'ட்', 'க்' நீளா. அவற்றில்தான் உகரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனவே 'ஸிட்', 'ஸிப்', 'நிப்' போன்றவை முதலிலும் 'டின்', 'பிட்' போன்றவை அவற்றுக்குப் பின்னும் வருவது நல்லது.

அடுத்த சிக்கல், நமக்கு 'ப' ஒன்றுதான், ஆங்கிலத்துக்கோ இரண்டு. பென்சிலின் முதல் ஒலியும் பஸ்ஸின் முதல் ஒலியும் வெவ்வேறு என்பதைக் கேட்டுப் பிரிக்கக் குழந்தை தடுமாறும். ஆனால் அந்த இரண்டு ஒலிகளையும் அது ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. 'பம்பரம்' என்ற சொல்லில் முதல் 'ப' பென்சிலுக்கு உரியது, 'ம்'-க்கு அடுத்த 'ப' பஸ்ஸுக்கு உரியது. 'குரங்கு' என்பதில் முன்னே ஒரு 'கு', பின்னே வேறொரு 'கு'. 'பட்டம்', 'வண்டி' என்று அடுத்தடுத்துச் சொன்னால் டகரத்தின் இரண்டு ஒலிகளும் கிடைத்துவிடும். தொண்டையில் கையை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள்: ஒன்றுக்குத் தொண்டை அதிரும், மற்றொன்றுக்கு அதிராது. என் பேத்தி இதைத் தன் தொண்டையிலும் என் தொண்டையிலும் மாறி மாறிச் சோதித்துப் பார்த்தாள்.

நம் காது உதவியாக நிற்கும் இடங்களும் உண்டு. குறில், நெடில் பேதம் அறிந்த குழந்தைக்கு 'ஸிட்', 'ஸீட்' குழப்பமே வராது. 'ட'-வும் 'த'-வும் பிரிந்தே இருப்பதால் 'டின்', 'தின்' இரண்டும் உடனே வேறாகக் கேட்கும். பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நடு உயிர் மட்டும் நம்மிடம் இல்லாதது. 'ஏ' சொல்லும் உதடுகளோடு வாயை 'ஆ'-வுக்குத் திறந்தால் வந்துவிடும்.

ஒரு மாலைக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் அவள் படத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்குகிறாள். ஊகம் வாசிப்பு ஆகாது என்பதால், பட்டாணி உரிக்கும்போது எழுத்தே இல்லாமல் காதுக்கு மட்டும் வேலை தருகிறேன்: "ப்-இ-ன் எடுத்துட்டு வா" என்றால் அவள் ஓடிப் போய்ப் பின் எடுத்து வர வேண்டும். பொருளற்ற சொற்களும் மிகவும் பயன்படுகின்றன. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு நடத்தப்படும் ஃபோனிக்ஸ் தேர்வில் 40 சொற்களில் 20 பொருளற்றவை. மனப்பாடத்தால் அவற்றைச் சொல்லிவிட முடியாது, கூட்டித்தான் ஆக வேண்டும். 'நிம்', 'மிப்' என்று நான் எழுதித் தந்தால், அப்படி ஒரு பூச்சி இருப்பதாக வைத்துக்கொண்டு பேத்தி படிக்கிறாள்.

தெருப் பலகைகளை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பேருந்து நிறுத்தத்தின் 'பஸ் ஸ்டாப்', மெட்ரோ நிலையத்தின் 'எக்ஸிட்' இரண்டும் எழுத்துக்கு ஏற்ற ஒலி உடையவை, நல்ல பயிற்சி. வங்கிக் கதவின் 'புஷ்', 'புல்' அப்படியல்ல. 'பஸ்' என்ற சொல்லில் 'அ' என ஒலிக்கும் அதே எழுத்து அங்கே 'உ' ஆகிவிடுகிறது. எழும்பூரின், திருவல்லிக்கேணியின் ஆங்கிலப் பெயர்களைத் தொடக்க வாசகரிடம் நீட்டவே வேண்டாம். விதிக்கு அடங்காத சொல் வரும்போது, முழுச் சொல்லையும் படம் போல மனத்தில் பதிய வைக்கச் சொல்லாமல், அதில் அடங்காத ஓர் எழுத்தை மட்டும் வட்டமிட்டுக் காட்டினால் போதும். மற்ற எழுத்துகள் ஒழுங்காகத்தானே இருக்கின்றன?

அவள் கூட்டிப் படிக்கும் சின்னஞ்சிறு வாக்கியங்களில் கதை இருப்பதில்லை. ஆகையால் கதைக்கு வேறு வேளை உண்டு. இரவில் தமிழில் நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். சென்னையில் 1996-இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படக்கதைகள் இதற்கு ஏற்றவை. தமிழை அவள் படிக்க, ஆங்கிலத்தை நான் படிக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு அழைத்துச் சென்றால், எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதை அவளிடமே விட்டுவிடுகிறேன்.

இப்போது இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஒரே ஒலி தரும் இடங்களில் இருக்கிறோம்: 'ஷிப்'பின் முதல் ஒலி, 'சின்'னின் முதல் ஒலி. இவை நாவில் ஊறிய பிறகுதான், சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் நின்று 'கிட்'டைக் 'கைட்' ஆக்கும் எழுத்துக்குப் போவதாக இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை எப்போதோ முடித்துவிட்டானாம். மருமகளிடம், ஆடி போகட்டும், ஆவணியில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.